படம் மெய்யறியும் குழு

மேலிடத்து ஆணைப்படி, அகதி முகாமில் இருப்பவர்கள் கொண்டுவரும் போர்க்காலப் புகைப்படங்கள் மெய்யா பொய்யா என்று ஆராய, ‘படம் மெய்யறியும் குழு’ ஆரணியில் முறைப்படி அமைக்கப்பட்டது. குழுவில் உள்ளூர் நிபுணர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆரணியில் நிபுணர் என்றால் பட்டு நிபுணர்தான். ஆகவே பட்டு வியாபாரி லோகநாதன் நியமிக்கப்பட்டார்.

முதல் படம் யோகமலருடையது. இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருப்பவள்; என் வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறாள். படத்தின் ஓரத்தில் அவள் தம்பி கை கட்டப்பட்டு, சிப்பாய்களுக்கு நடுவே மண்டியிட்டிருக்கிறான். அப்படி ஒருவன் சரணடையவே இல்லை என்று அங்கே எழுதிவிட்டார்களாம். இருப்பது இந்த ஒரே பிரதி. குழு முத்திரை வைத்தால் விசாரணைக்குப் போகும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற கவலையோடு நானும் துணைக்குப் போனேன்.

தலைவர் கமலக்கண்ணன் கண்ணாடியை மாட்டினார்.

“படம் ஆடியிருக்கே?”

“ஒளிச்சு நின்டு எடுத்தது ஐயா.”

“எடுத்தவரக் கூட்டிட்டு வாங்க.”

“அவரைச் சுட்டுப்போட்டாங்கள்.”

“அதுக்குப் படம் இருக்கா?”

“அதை எடுக்க ஆள் இருக்கேல்லை.”

‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். “சரி, படத்துல இருக்கிறவரு வந்து, இது நான்தான்னு ஒரு கையெழுத்து போட்டா...”

“அவனைத்தான் ஐயா தேடுறன்.”

லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார், பேசிகினே இருக்கீங்க? ஜல்தியா முடிச்சிடலாம். கொளுத்துனா, அசல் பட்டுன்னா முடி கருகுற நாத்தம் அடிக்கும். போலி பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். முப்பது வருசமா என் மூக்கு தப்புனதில்ல.”

யோகமலர் கை நீட்டுவதற்குள் தீக்குச்சியை உரசிவிட்டார். படத்தின் இடது மூலை சுருண்டு கருகியது. அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. கூடத்தில் இருந்த பதினோரு பேரும் முறைப்படி முகர்ந்தோம். நானும்தான்.

“பிளாஸ்டிக்!”

போலி என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

யோகமலர் மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, அந்த மூலையிலதான் என்ர தம்பி இருந்தவன்.”

கமலக்கண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கம் நிமிர்ந்தார். “இருந்தான்னு யாராவது பார்த்தீங்களா?”

பார்த்திருந்தோம். கூட்டம் தொடங்குமுன் அவளே ஒவ்வொருவருக்கும் விரல் வைத்துக் காட்டியிருந்தாள். புருவத்தில் தழும்புகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கூடத்தில் பாதிப் பேருக்குத் தறி நூல் லோகநாதன் கடையிலிருந்துதான் வருகிறது. எனக்கும்.

யோகமலர் என்னைப் பார்த்தாள்.

“அடுப்ப அணைக்காம வந்துட்டேங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அணைத்துத்தான் இருந்தது.