வேம்பாருக்கு வந்த கரைசல் சாமியார்

கரைசல் சாமியார் வேம்பாருக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸெல்லாம் அவர் பந்தல் வாசலில் நின்று போகத் தொடங்கிவிட்டன. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். குளித்த தலையோடு ஓடி வந்தார்கள். குளிக்காமலும் ஓடி வந்தார்கள்.

வித்தை இதுதான். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். அதில் வலது கைச் சிமிழிலிருந்தோ இடது கைச் சிமிழிலிருந்தோ ஒரு சிட்டிகை வெண்பொடி. பெயரைச் சொல்லிக் கலக்குவார். பொடி மறைந்து தண்ணீர் தெளிந்தால் தோஷம் கரைந்தது. கலங்கி நின்றால் கரையாத தோஷம். அதற்குப் பரிகாரம் உண்டு. பரிகாரம் இல்லாத தோஷத்தை எந்தச் சாமியார் கண்டுபிடித்திருக்கிறார்?

மஞ்சள் கயிறு மட்டும் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் உடனே கரைந்தது. நகை போட்டு வந்தவர்களுக்குக் கலங்கியது. "ஏழைங்க மனசு சுத்தம்லா!" என்று அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டது கூட்டம்.

பிச்சையா முப்பது வருஷமாக உப்பு வியாபாரி. அடுத்த வாரம் அவர் மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செந்தூர்வேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் தாய் செல்லக்கனிதான் எல்லோரையும் பந்தலுக்கு இழுத்து வந்திருந்தாள். மகனுக்குத் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. பானுப்ரியாவுக்கு மோர் மாதிரி கலங்கியது.

"பெரிய தோஷம்! பெண்ணின் பத்துப் பவுனும் நாற்பத்தொரு நாள் என் குடத்தில் ஊற வேண்டும்" என்றார் சாமியார்.

"இல்லன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு ஒத்த மவன்" என்றாள் செல்லக்கனி.

பிச்சையா மகளின் கழுத்து நகையைப் பார்த்தார். பத்திரிகையை ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. கல்யாணம் நின்றால் வெளியில் எப்படித் தலைகாட்டுவது?

"ஏளா, கழட்டிக் குடு" என்றார் மகளிடம்.

பானுப்ரியா கழற்றவில்லை. அவள் உப்புக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறவள். எது தண்ணீரில் கரைகிறது, எது கரையாமல் அடியில் தங்குகிறது என்று பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

"சாமி, அவுக தோஷம் கரைஞ்சு எங்க போச்சு?"

"ஆகாயத்தில் கலந்துவிட்டது மகளே."

"அப்ப தம்ளர்ல இருக்கது வெறும் தண்ணிதானே?"

"கங்கைக்குச் சமம்!"

அந்த ஒரு சொல் போதும். மாப்பிள்ளையின் தம்ளரை ஒரு கையிலும் தன் தம்ளரை மறு கையிலும் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பரோட்டாக் கடைக்கு நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே போனது. கடைக்காரர் செல்லப்பாண்டி பரோட்டாக் கல்லைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் காய வைத்தார். கரண்டி கரண்டியாகக் கங்கையை ஊற்றினாள். சுர்ரென்று ஆவி பறந்தது. கறுத்த கல்லில் வெள்ளை வெளேரென்று படிந்தது ஒரு பொருக்கு.

"அத்தை, ஒங்க மவன் தோஷம் எங்கயும் போகல. இந்தா கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கு!"

பிச்சையா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"அட, உப்பு! மூணு நாளைக்கு முன்ன காவித்துண்டு போட்ட ஒருத்தன் எங்கடையிலதான் நைசு உப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனான்!"

"லீலை! எல்லாம் லீலை!" என்று பந்தலிலிருந்து ஓடி வந்தார் சாமியார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பானுப்ரியா தன் தம்ளரை எடுத்துக் காட்டினாள். இத்தனை நேரம் சும்மா இருந்ததில் பொடி அடியில் படிந்து, மேல்தண்ணீர் தெளிந்திருந்தது.

"கரைஞ்சது காய்ச்சினா திரும்பி வரும். கரையாதது தானா கீழ உக்காந்துரும். தோஷமும் இல்ல, மண்ணும் இல்ல" என்றவள், சாமியாரின் இடது கைச் சிமிழைப் பிடுங்கினாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். கடை வாசலிலேயே நாலு புள்ளி வைத்து இழுத்தாள் ஒரு கோலம்.

"ஏ, கோலப்பொடில்லா இது!" என்று கத்தினாள் சந்தனமாரி. நேற்றுத்தான் இரண்டு வளையலைக் குடத்தில் போட்டவள். அடுத்த நிமிடம் பந்தலில் இருந்த குடத்தைச் சுற்றி இருபது பெண்கள். நடுவில் சாமியார். அவருடைய தாடியும் கரையாத வகைதான், ஆனால் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றாள் செல்லக்கனி. கொஞ்சமும் வெட்கமில்லை.

செந்தூர்வேல் விழுந்து விழுந்து சிரித்தான். "எம்மா, தோஷம் எனக்குத்தான் கல்லுல நிக்குது. இனி பானு சம்மதிச்சாத்தான் கல்யாணம்."

"சம்மதந்தான். அத்தை நகையக் கேட்டப்ப வாய மூடிக்கிட்டு நின்னதுக்கு ஒங்களுக்குத் தனியா இருக்கு" என்றாள் பானுப்ரியா. பிச்சையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தண்ணீர் வற்றி உப்பு விளைவதைத் தினமும் பார்த்துப் பிழைக்கிற மனிதர், மகளின் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றார்.

போலீஸ் ஜீப் வந்து சாமியாரை ஏற்றிக்கொண்டு போயிற்று. கூட்டம் கலைகிறபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடுத்த வாரம் ஆத்தூருக்கு வெத்தலைச் சாமியார் வாராராமே. அவராவது நெசந்தானே?"

ஊராரே, அடுப்பைத் தினமும் பற்ற வைக்கிறீர்கள். அறிவைப் பற்ற வைக்க மட்டும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.