மோகனராஜ் நடந்த பன்னிரண்டாயிரம் அடி

மோகனராஜ் அசைக்க முடியாத ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் நடப்பதில்லை.

டாக்டர் என்னவோ தினம் பத்தாயிரம் அடி நடக்கத்தான் சொல்லியிருந்தார். ரத்தத்தில் இனிப்புநீர் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. மனைவி புஷ்பவள்ளி அன்றைக்கே அடி எண்ணும் கடிகாரம் ஒன்றை வாங்கி அவர் கையில் மாட்டிவிட்டார். எண்ணிக்கையெல்லாம் புஷ்பவள்ளியின் போனுக்கு நேராகப் போய்விடும்.

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து மோட்டாரில் போனால் குதிரைப் பந்தயத் திடல் பத்து நிமிஷம். காலையில் ஊரே அங்கே நடக்கும். மோகனராஜும் மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் திடலின் கிளப் கேண்டீனில் ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிற சத்தம் காதில் விழுந்தது. மனுஷன் எவ்வளவுதான் தாங்குவார்? நடை அதோடு நின்றது.

லாயத்தில் ஷேக் அலாவுதீன் என்று ஒரு குதிரைக்காரர். காலில் அடிபட்டுத் தேறிவரும் ராணி என்ற கிழட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு, தினமும் இரண்டு மணி நேரம் லாயத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பது அவர் வேலை. மிருக வைத்தியர் உத்தரவு அப்படி. அடடா, கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள் என்று மோகனராஜுக்கு மனசு குளிர்ந்துபோனது. கடிகாரம் தினமும் காலையில் அலாவுதீன் கைக்கு மாறும், நடை முடிந்ததும் திரும்பி வரும். அவருக்குத் தினம் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ, இவருக்கு மீன் குழம்போடு மூன்று ரொட்டி.

புஷ்பவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலமானால் மோகனராஜ் காலை நீட்டி முனகுவார். பாவம், அந்தம்மா தைலம் தேய்த்தும் விட்டார்.

மூன்றாம் வாரம் ரத்தப் பரிசோதனை. இனிப்பு குறையவில்லை, இன்னும் ஏறியிருந்தது. இப்படியே போனால் ஊசிதான் என்றார் டாக்டர். மோகனராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மனைவி, சொல்லாவிட்டால் ஊசி. ஊசியே தேவலை என்று வாயை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் புஷ்பவள்ளி போனில் அவர் நடந்த பாதையைக் காட்டினார்.

"என்னங்க, தினமும் இந்தச் சின்ன வட்டத்துலயே சுத்துறீங்களே. தலை சுத்தலையா?"

"அங்கதான் நிழல் இருக்கு லா."

"அப்படியா," என்று தைலப் புட்டியை மூடிவைத்தார் புஷ்பவள்ளி. தப்பித்தோம் என்று மோகனராஜ் நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்துக் கேண்டீனுக்குள் நுழைந்தால், அவர் நாற்காலியில் அலாவுதீன் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை நீட்டியதும் வேண்டாமென்று கையசைத்தார்.

"நேத்து மத்தியானம் உங்க வீட்டுத் தங்கச்சி வந்துச்சிண்ணே. என் முட்டி வலியப் பாத்து மனசு கேக்காம, லாயத்து முதலாளிகிட்டயே பேசிருச்சி. ரெண்டு மாசத்துக்கு ராணியப் புடிச்சிக்கிட்டு நடக்கப்போறது நீங்கதான்."

சரி, ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், அண்ணனுக்கு எதுவும் போடக்கூடாது என்று புஷ்பவள்ளி அக்கா சொல்லியிருப்பதாகக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

ராணிக்கு நிற்கிற பழக்கமே கிடையாது. மோகனராஜ் சற்று நின்றால் போதும், மூக்கால் முதுகில் ஒரு தள்ளு. ஒன்றரை மணி நேரத்தில் கெஞ்சிக் கூத்தாடி விடுபட்டு, வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். இந்தத் தடவை கால் நிஜமாகவே வலித்தது. கொஞ்சம் தைலம் தேய்த்துவிடச் சொல்லி ஈனக் குரலில் கேட்டார்.

புஷ்பவள்ளி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒம்பதாயிரந்தான் வந்திருக்கு. அலாவுதீன் அண்ணன் முட்டி வலியோட பன்னெண்டாயிரம் நடந்தாரு."