மக்காச்சோளத்தில் தோற்ற தேனிலவு

தேனிலவுக்கு இரண்டு பேர்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் என் மாமனார். சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு விவசாயி. கல்யாணம் முடிந்த கையோடு, நானும் கவிதாவும் கொடைக்கானல் போகிறோம் என்றதும், வேனில் எத்தனை பேர் உட்காரலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மறுத்துப் பேச எனக்குத் தைரியமில்லை. (இப்போதும் இல்லை.)

அந்த வாரமே கல்வராயன் மலையில் அவருடைய சிநேகிதர் வீட்டு விருந்துக்கு எங்களை வேனில் கூட்டிப்போனார். சாப்பிட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. யாரோ சீட்டுக்கட்டை எடுத்தார்கள். எனக்கு யோசனை வந்தது. மாமாவும் நானும் போக்கர் ஆடுவோம், நான் ஜெயித்தால் கொடைக்கானலுக்கு நாங்கள் மட்டும், அவர் ஜெயித்தால் எல்லோரும் என்றேன். அவர் உடனே சம்மதித்தார். அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

என் தெம்புக்குக் காரணம், மலையேறும்போது ஃபோனில் பார்த்த போக்கர் பாடம். ஆளுக்கு இரண்டு சீட்டு. முன்னால் பந்தயக் காய்கள் நிறையக் குவிந்திருந்தால், ஒரே சின்னத்தில் ஆறு, ஏழு என்று அடுத்தடுத்து வரும் சின்னச் சீட்டுகளை விடக் கூடாது. நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டோடு அவை கூடிவிட்டால் எதிராளியின் குவியலையே வாரிவிடலாம் என்றார் வாத்தியார். "ஆனால் குவியல் சின்னதாக இருந்தால்..." என்று அவர் தொடங்கியபோது சிக்னல் போய்விட்டது. மீதி அவ்வளவு முக்கியமாக இருக்காது என்று ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காய்களுக்குப் பதில் மக்காச்சோளம். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்வது என்று முடிவானது. மாமனாருடையது காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கை. என்னுடையது மவுஸ் பிடித்த கை. அவர் முன்னால் குவியல் எழுந்தது. என் முன்னால் கோழிக்குப் போட்டது போலக் கொஞ்சம் சிதறிக் கிடந்தது.

முதலில், இருப்பதிலேயே பெரிய சீட்டான ஆஸும் கூடவே பத்தும் வந்தன. இதெல்லாம் கற்றுக்குட்டிகள் ஆடும் சீட்டு என்று கவிழ்த்துப் போட்டேன். சின்னச் சீட்டுகள் வந்தபோதெல்லாம் கம்பீரமாகச் சோளம் வைத்தேன். எதுவும் கூடவில்லை. மிச்சமிருந்த சோளம் ஒரு வாய்க்குக் காணாது என்ற நிலையில், ஆட்டின் சின்னத்திலேயே ஆறும் ஏழும் வந்தன. மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன்.

மாமனார் தன் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட ராஜா ஒருத்தர்தான் இருக்காரு மாப்ள. கூட இருக்கிறது நாலு. ஆடலாங்களா?"

"தாராளமா ஆடுங்க மாமா" என்றேன், பெருந்தன்மையாக.

ஐந்து சீட்டும் விரிந்தன. அவருக்கும் ஒன்றும் சேரவில்லை, எனக்கும் ஒன்றும் சேரவில்லை. யாருக்கும் ஒன்றும் சேராவிட்டால் கையில் பெரிய சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார். ராஜா தனியாகவே ஜெயித்தார்.

பக்கத்திலிருந்து என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கவிதா மெதுவாகக் கேட்டாள். "ஆஸை தூக்கிப் போட்டீங்களே, இன்னா நெனச்சிக்கினு போட்டீங்க?"

குவியல் பெரிதாக இருக்கும்போது சின்னச் சீட்டின் மதிப்பு எப்படி ஏறும் என்று விளக்கினேன். அவள் என் முன்னாலிருந்த வெறும் பாயைப் பார்த்தாள்.

"எந்த குவியல்?"

மலை இறங்கும்போது சிக்னல் திரும்பியது. பையிலிருந்த ஃபோன் தானாகவே பாடத்தைத் தொடர்ந்தது. குவியல் சின்னதாக இருந்தால் ஆறையும் ஏழையும் தூக்கி எறியுங்கள், பொறுமையாக வேடிக்கை பார்க்க உங்களிடம் காய் கிடையாது, ஆஸ் மாதிரி பெரிய சீட்டு வந்தால் மட்டும் மொத்தத்தையும் தள்ளுங்கள் என்று வாத்தியார் வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் ஃபோனைத் தேடி அணைப்பதற்குள் முன்சீட்டிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"நல்லா வெளக்கமா சொல்றாரு. இன்னொரு தடவ போடுங்க மாப்ள."

கொடைக்கானலுக்கு வேன் நிறையப் போனோம். கவிதா அவள் அம்மாவோடு முன்னால். நான் கடைசி சீட்டில், புளிச்சோற்றுத் தூக்குக்கும் அவளுடைய சித்தப்பாவுக்கும் நடுவில்.

அந்தத் தேனிலவுப் படம் மாமனார் வீட்டுக் கூடத்தில் இப்போதும் மாட்டியிருக்கிறது. நடுவில் குரங்குக் குல்லாவோடு மாமனாரும் மாமியாரும், சுற்றிலும் சொந்தங்கள். புதிதாக வருகிறவர்கள், இதில் மாப்பிள்ளை யார் என்று தவறாமல் கேட்பார்கள். கவிதா எழுந்துகூட வர மாட்டாள்.

"ஓரத்துல எல்லார் செருப்பையும் பார்த்துக்கினு ஒருத்தர் நிக்கிறாரே, அவருதான்."