நாற்பது பவுண்டு குளிர்

ஏசி வேண்டாம் என்று ஒரு மனிதன் வாய் திறந்து சொல்ல முடியாத ஊர்கள் சில உண்டு. அரிசோனாவின் புல்ஹெட் சிட்டி அவற்றில் முதல் வரிசை. ஜூன் பிறந்தால் நூற்றுப் பதினைந்து டிகிரி. கார் கதவின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும். அங்கே போய் ‘எனக்கு ஏசி பிடிக்காது’ என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆர்லோ டட்டிலுக்கு ஏசி பிடிக்காது.

காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவன் ஒரு குளிர்கிடங்கில் இரவுக் காவலன். உறைந்த பட்டாணி, உறைந்த கோழி, உறைந்த மீன் இவற்றின் நடுவே, தானும் உறைந்துவிடாமல் விடியும் வரை நடந்துகொண்டிருப்பதுதான் வேலை. ஊரே வெந்துகொண்டிருக்கும்போது கம்பளிக் குல்லாயோடு வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவன்தான். எலும்புக்குள் போன அந்தக் குளிர் வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான் வெளியே வரும்.

அது ஜூன் கடைசி வாரம். தன் பிக்கப் வண்டியின் முதுகில் கேம்பரை ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாக அலமோ ஏரிக்கரைக்குப் போய்விடுவான். வண்டிமேல் உட்காருகிற சின்னக் கூடார வீடுதான் அது. ஓடும்போது கூரை படிந்து கிடக்கும். நிறுத்திய பிறகு உள்ளே குனிந்து நின்று முதுகால் முட்டினால் கூரை எழும்பும். மரச்சுவருக்கு மேலே சுற்றிலும் துணிச்சுவர் விரியும். ஒரு படுக்கை, ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. மத்தியானத்தில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆர்லோ ஏழு நாளும் அதில் மெதுவாக வெந்துகொண்டிருப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். பேச ஆளும் இருக்காது. மீன்கூட அவனைத் தொந்தரவு செய்வதில்லை.

அவன் மனைவி ஜோலின் அந்தப் பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. “வருஷம் முழுக்க அடுப்புக்கு முன்னால நிக்கிறேன். லீவு விட்டா அடுப்புக்கு உள்ளேயே போய்ப் படுக்கணுமா?” என்பாள். ஆர்லோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்புவான். தெரு முனை திரும்பியதும் சீட்டியடிப்பான்.

இந்த வருடம் அந்த சீட்டிக்கு ஆபத்து வந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, அதாவது ஆர்லோவின் நடுச்சாமத்தில், மின்ரம்பத்தின் சத்தம் கேட்டு எழுந்தான். அரை டிராயரோடு வாசலுக்கு ஓடினான். கேம்பரின் பின்சுவர் வழியாக ஜோலினின் முகம் தெரிந்தது. முந்தின நாள் வரை அந்த இடத்தில் சுவர்தான் இருந்தது.

“எழுப்பிட்டேனா?” என்றாள்.

“என்ன பண்றே?”

“ஓட்டை போடறேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

“ஏசிக்கு.”

ஆர்லோ கூரையைக் காட்டினான். “இது கேம்பர், ஜோலின். கூரையை நான் முதுகால முட்டித் தூக்குறேன். அது மேல ஏசியை வச்சா என் முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“கூரைல யாரு வைக்கிறா? பின்னாடி அலமாரிக்குள்ள. ஜன்னல் ஏசி. நாப்பது பவுண்டுதான்.”

“கரண்டு?”

“ஜெனரேட்டர் வாங்கியாச்சு.”

“அது கத்தும்.”

“நீ விடற குறட்டையை விடவா?”

“துணிச்சுவர் வழியா குளிரெல்லாம் வெளிய போயிடுமே.”

“பழைய கம்பளியை வெட்டி உள்பக்கம் தச்சுட்டேன். போய்த் தொட்டுப் பாரு.”

“மழை பெஞ்சா ஓட்டை வழியா தண்ணி வரும்.”

ஜோலின் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ஆர்லோ அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கினான்.

“நீ தூங்கறப்போ நான் முழிச்சிருக்கேன், ஆர்லோ,” என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “நான் தூங்கறப்போ நீ பட்டாணிக்குக் காவல் நிக்கிறே. இருபத்திரண்டு வருஷம். ஒரே ஒரு வாரம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தா எப்படி இருக்கும்னு பாக்கலாமேன்னுதான்.”

பதில் இல்லாத இடத்தில் கணவன்மார்கள் செய்வதையே ஆர்லோவும் செய்தான். “நல்ல யோசனை,” என்றான்.

அன்று கிடங்கில் உறைந்த கோழிகளுக்கு நடுவே நடந்தபடி யோசித்தான். ஏழு நாள். பேச்சு. பேச்சுக்குப் பதில் பேச்சு. ‘என்ன யோசிக்கிறே?’ என்ற கேள்வி ஒரு நாளைக்குப் பத்து முறை. போதாக்குறைக்குக் குளிர். கிடங்கை விட்டு ஓடி ஏரிக்கரைக்குப் போனால், அங்கேயும் ஒரு குட்டிக் கிடங்கு. அவன் உறுதியான ஒரு முடிவுக்கு வந்தான். தான் எதிர்க்கப் போவதில்லை. எதிர்த்து ஜெயித்ததாக அவன் வாழ்க்கையில் சரித்திரம் இல்லை. தனக்காக ஒரு எண் எதிர்க்கட்டும்.

எண் அவன் வண்டியிலேயே இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். இத்தனை வருடம் அவன் அதைக் கண்டுகொண்டதில்லை. இப்போது சாஸ்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசைக்கு வந்தான்.

“ஒண்ணு மட்டும் கவனிக்கணும், ஜோலின். வண்டி, கேம்பர், சாமான் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா மலை இறக்கத்துல பிரேக் பிடிக்காது. டயர் வெடிக்கும். போற வழியில ஜல்லி யார்டுல எடை மேடை இருக்கு. ஏத்திப் பாத்துடுவோம். அதிகம் வந்தா ஆசையை விட்டுட வேண்டியதுதான். உயிரு பெருசு.”

“அதுல ஆளும் சேர்த்தியா?”

“ஆளா?” அவன் அதை யோசித்திருக்கவில்லை. “சேர்த்திதான். ‘ஆட்களும் சாமானும்’னு போட்டிருக்கு.”

“நீ எவ்வளவு?”

“நூத்தி எண்பது.”

“எந்த வருஷத்துல?”

“லைசென்ஸ்லயே போட்டிருக்கு. அரசாங்கம் ஒத்துக்கிட்ட எடை அது.”

ஜோலின் அவனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள். அவனுடைய பேன்ட்டுகளின் இடுப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்.

திங்கட்கிழமை காலை வேலையிலிருந்து திரும்பும் வழியில் ஆர்லோ ஐந்து மணல் மூட்டை வாங்கினான். மூட்டைக்கு அறுபது பவுண்டு. ஜோலின் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கட்டியணைத்துத் தூக்கிப் போய், கேம்பரின் பெஞ்சுக்கு அடியில் அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினான். நாலாவது மூட்டையில் இடுப்பில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஐந்தாவதை முழங்காலால் தள்ளினான். பிறகு குப்புறப் படுத்து, வலியும் நிம்மதியுமாகத் தூங்கிப் போனான்.

நிம்மதி ஒரு நாள்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜோலின் அவனிடம் ரொம்பப் பிரியமாக இருந்தாள். அதுதான் அவனைக் கலக்கியது. கேட்காமலே காப்பி வந்தது. இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். “எதைத் தூக்கினே, பாவம்?” என்று கேட்டாள். “பட்டாணி,” என்றான் தலையணைக்குள்.

புதன்கிழமை அவள் ஜன்னல் திரை தைக்கிறேன் என்று கேம்பருக்குள் போனாள். ஆர்லோ படுக்கையறையிலிருந்து எட்டிப் பார்த்தான். பெஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம். அவனுக்குத் தூக்கம் போயிற்று. தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று தடவை அந்தப் பக்கம் போய் வந்தான்.

“இந்த பெஞ்சு ரொம்பக் கெட்டி, ஆர்லோ,” என்றாள் ஊசியில் நூல் கோர்த்தபடி.

“பழைய காலத்து மரம்,” என்றான்.

“அதானே பாத்தேன்.”

அன்று ராத்திரி மைனஸ் பத்து டிகிரியில் ஆர்லோவுக்கு வியர்த்தது. மூட்டைகளை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் பகலில் அவள் விழித்திருந்தாள். தோட்டத்தில் தக்காளிப் பாத்திக்கு வரப்பு கட்டுகிறேன் என்று வாசலை விட்டு நகரவே இல்லை. இரவில் இவன் கிடங்கில் இருந்தான். ஒரே நேரத்தில் இருவரும் விழித்திருக்க முடியாதது இத்தனை வருடம் வசதியாக இருந்தது. இப்போது அதுவே காலை வாரியது.

சனிக்கிழமை கிளம்பினார்கள். ஆர்லோ ஓட்டினான். ஜோலின் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பேசியிருந்தால் தேவலை என்று அவன் முதல் முறையாக நினைத்தான்.

ஜல்லி யார்டில் எடை மேடை வண்டி எதுவும் இல்லாமல் கிடந்தது. ஆர்லோ வண்டியை மேடைமேல் ஏற்றி நிறுத்தினான். பக்கத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் எடை பார்த்துச் சொல்கிற கஸ் உட்கார்ந்திருந்தான். அவன் வெளியே வருவதில்லை, எல்லாம் ஒலிபெருக்கிதான்.

“ஏழாயிரம்,” என்றது ஒலிபெருக்கி.

நூறு பவுண்டு அதிகம். ஆர்லோ மூன்று நாளாகக் கண்ணாடி முன் பயின்று வைத்திருந்த பெருமூச்சை விட்டான். “ப்ச். என்ன செய்யறது ஜோலின். எண்ணோட சண்டை போட முடியுமா? உன்னை வீட்டுல விட்டுட்டு, ஏசியையும் கழட்டி வச்சுட்டு…”

“எதுக்குக் கழட்டணும்? இறங்கற சாமான் வேற இருக்கே.”

“எது?”

“நீ.”

ஆர்லோ சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கூண்டின் நிழலில் நின்றிருந்த ஒரு சின்னக் காரின் கதவு திறந்தது. கக்கத்தில் தலையணையும் தலையில் மீன்பிடித் தொப்பியுமாக ஒரு பெண் இறங்கி வந்தாள். ஜோலினின் தங்கை வெர்னா.

“சௌக்கியமா ஆர்லோ?” என்றாள் வெர்னா. “முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது?”

ஆர்லோவின் வாரம் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. ஏரி, மௌனம், எலும்பை விட்டு இறங்குகிற அந்த வெப்பம். மானத்தையும் வாரத்தையும் தராசில் போட்டுப் பார்த்தான். வாரம்தான் கனமாக இருந்தது.

“ஜோலின், இரு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பெஞ்சுக்கு அடியில மணல் மூட்டை இருக்கு. அஞ்சு. நான்தான் வச்சேன். அதை இறக்கிட்டா முந்நூறு பவுண்டு குறையும். நாம மூணு பேருமே போலாம். ஏசியோட.”

“எந்த மணல் மூட்டை?”

ஆர்லோ இறங்கி ஓடினான். கேம்பர் கதவைத் திறந்து, பெஞ்சுப் பலகையைத் தூக்கி, போர்வையை உருவினான். இரண்டு மடக்கு நாற்காலி. இரும்புச் சட்டி ஒன்று, அதைவிடப் பெரியது இன்னொன்று. டின் பீச்சுப்பழம் இரண்டு பெட்டி. வெர்னாவின் பெயர் எழுதிய சூட்கேஸ்.

பின்னால் ஜோலின் வந்து நின்றாள். “செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டேன். தக்காளிப் பாத்தியைச் சுத்தி அழகா உக்காந்திருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனே. குனிஞ்சு பாக்கத்தான் உன் இடுப்பு விடலை.”

ஆர்லோ பலகையைப் பிடித்தபடியே நின்றான்.

“செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் உன்கூடத்தான் வரதா இருந்தேன்,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது எங்கேயோ போய்த் தைத்தது.

வெர்னா முன்னிருக்கையில் கால் வைத்தாள். “நான் நூத்தி இருபது. செருப்போட.”

ஆர்லோவின் மூளையில் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது. நூற்று எண்பது இறங்குகிறது. நூற்றிருபது ஏறுகிறது. குறைவது அறுபதுதான். குறைய வேண்டியது நூறு. இன்னும் நாற்பது மிச்சம். சரியாக ஒரு ஏசி. எண் அவனைக் கைவிடவில்லை.

“போட்டுப் பாருங்க,” என்றான். குரலில் தெம்பு வந்திருந்தது. “எண் என்ன சொல்லுதோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும். நானும்தான்.”

“நீ சொன்னா சரி,” என்ற ஜோலின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆர்லோ மேடையை விட்டுத் தள்ளி நின்று கைகளைக் கட்டிக்கொண்டான்.

“ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்,” என்றது ஒலிபெருக்கி. “சுத்தமா.”

ஜோலின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கையில் ஒரு சாவி. “வெர்னாவோட கார்ல வீட்டுக்குப் போ. அதுல ஏசி வேலை செய்யாது. உனக்குத்தான் பிடிக்குமே. சாப்பாட்டுக்கு ஃப்ரீசர்ல பட்டாணி இருக்கு.”

வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் திரும்பியது. திரும்பும்போது ஜன்னல் வழியாக யாரோ சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது.

ஆர்லோ காலியான எடை மேடையின் நடுவில் வந்து நின்றான். போகிற வண்டியைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணினான். நூற்று எண்பதில் நூற்றிருபது போனால் அறுபது. அறுபதுதான். மறுபடி எண்ணினான். அறுபது. அந்த நாற்பது பவுண்டு எங்கே போயிற்று?

“இருநூத்தி இருபது,” என்றது ஒலிபெருக்கி. “மேடையை விட்டு இறங்குப்பா, பின்னால லாரி நிக்குது.”