பாசி வாத்தியாருக்கு மாற்றல்

மழை எட்டியே பார்க்காத ஓர் ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, தாவரவியல் வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்தார். போகக்கூடாது. உலகமே தலைகீழாக நின்றாலும் போகக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பாசி'. பாடத்துக்காக வைத்தார்களோ, நாற்காலியில் ஒட்டிக்கொள்வதற்காக வைத்தார்களோ!

அவருக்கு ஊர் பயமில்லை, தனிமைதான் பயம். ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனதிலிருந்து, சாயங்காலமானால் வீடே மேலே விழுகிற மாதிரி இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? வாரக்கணக்கில் சுற்றி வளைத்தார். ஒருநாள் சமையற்கட்டில் மறுபடி ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, சுவர்ப்பாசிக்கு வேர் கிடையாது. தண்ணியை மேல ஏத்தக் குழாய் கிடையாது. ஈரமில்லாத இடத்துல காஞ்சிடும். நானும் அப்படித்தான்."

"காஞ்ச பாசி சாகாது, தண்ணி பட்டதும் பச்சையாயிடும்னு நம்ம பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களே? லீவுக்கு வாங்க, தெளிச்சு விடறேன்."

"சரி, நான் பெரணின்னு வச்சுக்கோ. வேர் இருக்கு, குழாய் இருக்கு. ஆனா வம்சம் பெருக அதுக்கும் ஈரம் வேணும்."

"இந்த வயசுல வம்சமா? வெங்காயத்தை உரிங்க."

"பைன் மரம் தண்ணியை நம்பாம மகரந்தத்தைக் காத்துல விட்டுடும். பூக்கிற செடி தேனீயைக் கூப்பிட்டுக்கும்..."

"எந்தத் தேனீயை?"

அவள் கையில் கத்தி அசையாமல் நின்றது. வாத்தியார் அவசரமாக வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஆய்வகத்துக் குடுவைகளை ஒருமுறை துடைத்து வைத்துவிட்டுப் படியிறங்கினார். யாரும் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்காக வேலையையே விட்டுட்டேன்! இனி உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்."

தட்டு அவள் கையிலேயே நின்றது.

"அடப்பாவமே! அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் மாற்றல் கேட்டு வாங்கிட்டேனே! திங்கக்கிழமை சேரணும்."

"சொல்லவேயில்லையே!"

"நீங்க கேட்கவேயில்லையே! 'நீயும் வர்றியா'ன்னு ஒரு வார்த்தை வருமான்னு தினமும் உங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். பாசி வந்துச்சு, பெரணி வந்துச்சு. அது மட்டும் வரலை."

செருப்பைக்கூட மாட்டாமல் பள்ளிக்கு ஓடினார். தலைமையாசிரியர் வருத்தமாகத்தான் சொன்னார். ராஜினாமா மேலே போய்விட்டது, திருப்ப முடியாது. திரும்பும் வழியில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷப் பாடமும் ஒரு காகிதத்தில் முடிந்துபோயிருந்தது.

வாசலில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் கடைசியில். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார்.

"வராம?"

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"தண்ணி லாரி பகல்லதான் வருமாம். குடத்தோட நிக்க வீட்டுல ஓர் ஆள் வேணும்."