வால்வில் செருகிய மருந்துச் சீட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் மனைவி மட்டும் என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. வேலைக்குப் போன ஊரில் நீங்களாவது நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாளே என்று அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனேன். அங்கே ஒரு கதகதப்பான பெட்டிக்குள் ஆறு மெல்லிய குழாய்கள்; உயிருள்ள செல்களை வைத்து ரத்தக்குழாய் வளர்க்கிறார்களாம். மூன்று குழாய்க்கு ஒரு பம்பு. அது சத்துத் திரவத்தை டக், டக் என்று விட்டுவிட்டுத் தள்ளியது. முப்பத்தாறு வருடம் பம்பு மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்தக் கோளாறுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கை சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். அவள் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, திறந்து திறந்து மூடிய வால்வில் என் சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டை, அது மூடாதபடி மடித்துச் செருகினேன். திரவம் சத்தமில்லாமல் ஓடியது. இரண்டாவது பம்பில் கைவைப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வீடு திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அந்த மூன்று குழாயும் தொளதொளவென்று கிடந்தனவாம். சீட்டில் என் பெயர், வயது, மூட்டுவலி எல்லாம் தெளிவாக இருந்திருக்கிறது.

"அது கோளாறு இல்லப்பா, இதயம் துடிக்கிற மாதிரி வச்சிருந்தோம்! அடிச்சு அடிச்சு இழுத்தாத்தான் குழாய்ச் சுவர் கெட்டிப்படும். அடுத்த வாரம் எங்க ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கிட்ட ஆறையும் காட்டணும். நான் என்னத்தக் காட்டுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள், மாப்பிள்ளை. அவள் கல்யாணத்தில்கூட அழாதவள். எனக்குத் தாங்கவில்லை.

அதனால் இனி ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, என் டூல்ஸ் பெட்டியை இன்று காலை உங்கள் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். பூட்டி வையுங்கள். நானே காலில் விழுந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்பா திருந்திவிட்டார் என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எல்லா நலமும் பெற எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கைகட்டி உட்கார்ந்திருக்கும் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அவளே வந்து நின்றாள். அவளுடைய பெரியவர் கெட்டியான மூன்றையும் தொளதொள மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். "வெறும் ஓட்டம் போதாது, துடிப்பும் வேணும்னு இதவிட எப்படிக் காட்டுறது!" என்றாராம். ஆனால் ஒருமுறை நடந்தது செல்லாதாம், முறைப்படி திரும்பச் செய்ய வேண்டுமாம். "நிமிஷத்துக்கு எழுபது தடவை அடிக்கணும், வேணாம்னா துடிப்பு மட்டும் நிக்கணும். அப்படி ஒரு வால்வு பண்ணித் தர முடியுமாப்பா? சீட்டு கீட்டெல்லாம் கூடாது" என்கிறாள். மாப்பிள்ளை, பெட்டி இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வந்து சேரும். வாசலோடு திருப்பி அனுப்புங்கள். இதோ, காலில் விழுந்து கேட்கிறேன்.