தேசப்பனின் ஆணித்துப்பாக்கிப் படலம்

கடல்சூழ் கோவளத்துக் கோமான், முட்டுக்காடு முதல் மாமல்லை ஈறாகச் சாலையோர உல்லாச விடுதிகளுக்கெல்லாம் மரக்கூரை வேய்ந்த மாமேஸ்திரி, ஏணியேற்றத்தில் இணையிலான், தன் வீட்டுச் சமையற்கட்டு மட்டும் ஐந்தாண்டாக ஒழுகியும் அசையாத மலைநெஞ்சன் தேசப்பன் வாழ்க. அவன் புகழ் பாடப் புகுந்த என் நாவை நாமகளே காத்தருள்க. நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தால் அதையும் பொறுத்துக்கொள்க.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டுப் புரட்டாசியில், ஆயுத பூஜையை ஒட்டி மூன்று நாள் விடுமுறை வாய்த்தபோது, கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்றுத் திரும்பிய அவன் மனைவி ஜெகதாம்பாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு மழையாவது நனையாம சோறாக்கணும்யா. எனக்கு அது போதும்." உருகினான் வீரன். உருகிய வேகத்தில் பழைய ஓடுகளையும் உளுத்த சட்டங்களையும் பிரித்தெறிந்து, அரைப் பகலில் அடுப்புக்கு ஆகாயம் காட்டினான். பிரிக்கிற வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இனிப் புதுச் சட்டங்களை ஆணியால் அறைய வேண்டும். சுத்தியலாலா? விடுதிக் கூரைகளில் ஆணித்துப்பாக்கி பிடித்துப் பழகிய கை, அந்தப் பாமரக் கருவியைத் தீண்டுமா? தேசப்பன் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான், மின்கலம் விழுங்கிய வயிற்றாளும் கம்பித் தளையறுத்த சுதந்திரச் செல்வியுமான பேட்டரி கன்னை. அதே வேளையில் ஜெகதாம்பாளின் தம்பி எல்லப்பன், காற்றுண்டு கனைக்கும் கம்ப்ரஸரையும், நீளக் குழாய் பூட்டிய காற்றுத் துப்பாக்கியையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினான். முதல் நாளின் மிச்சம் முழுதும் வாய்ப்போரிலேயே கழிந்தது.

"ஒயரு இல்ல, ஓஸு இல்ல, காலு தடுக்காது. பேட்டரி கன்னுதான் ராஜா" என்று முழங்கினான் தேசப்பன்.

"அது அம்பது ஆணிக்கே மூச்சு வாங்கும் மச்சான். காத்து கன்னு அடி இன்னா, இது முக்கிகினு கீறது இன்னா" என்று எதிர்முழங்கினான் எல்லப்பன்.

உள்ளதைச் சொன்னால், விடுதியில் தேசப்பன் விரும்பி எடுப்பது காற்றுத் துப்பாக்கியைத்தான். அதுவே மேல் என்று அவன் மனசுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எல்லப்பன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டானே, என்ன செய்வது.

இரண்டாம் நாள் களம் சூடேறியது. எல்லப்பன் கம்ப்ரஸரை முடுக்க, அது ஒருமுறை உறுமியது. அந்த உறுமலில் வீதி முழுவதற்கும் ஃபியூஸ் போனது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் சீரியல் பாதியில் அணைந்தது. அவள் அப்போது அருளிய சொற்களை ஒரு காவியத்தில் எழுத முடியாது. தேசப்பன் அகமலர்ந்து கூரையேறி இருபத்தேழு ஆணிகளை விண்ணதிர அறைந்தான். இருபத்தெட்டாவதில் பேட்டரி செத்தது. ஃபியூஸ் போட்டு முடித்த நிமிடத்தில் அரசாங்கத்தின் மின்வெட்டு தொடங்கியதால், சார்ஜ் ஏற்றவும் வழியில்லை.

"சுத்திய எடுத்து அட்ச்சிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்" என்றாள் ஜெகதாம்பாள் கீழேயிருந்து. போர் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக இருவரும் ஒன்றுபட்டு அவளை முறைத்தார்கள்.

மூன்றாம் நாள், ஆயுத பூஜை. பேட்டரி நிறைந்திருந்தது, கரண்டும் இருந்தது. இரண்டு மணி நேர வேலைதான் பாக்கி. "மொதல்ல கூரைய மூடுங்க, பூஜைய சாயந்தரம் வெச்சிக்கலாம்" என்று அவள் கெஞ்சியதைக் கேட்பாரில்லை. பூஜையில் நடு இடம் எந்த ஆயுதத்துக்கு என்பதல்லவா அன்றைய வழக்கு? தேசப்பன் தன் செல்விக்குச் சந்தனம் பூசினான். எல்லப்பன் கம்ப்ரஸருக்கு மூன்று முழம் கதம்பம் சூட்டினான். அவன் ஸ்பேனர்களைப் பரப்ப, தேசப்பன் சுத்தியல், கடப்பாரை, இழைப்புளி, ஏணி வரை இழுத்து வந்து முற்றத்தில் அடுக்கினான். பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்து அணைந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

கோவளத்துக் கடல்மேல் கருமேகம் திரண்டது.

"அந்தச் சுத்தியையாவது குடுய்யா" என்றாள் அவள்.

"பூஜைல கீறத எடுத்தா தெய்வக் குத்தம் ஆயிடும்" என்று ஒரே குரலில் பிரகடனம் செய்தார்கள் வீரர் இருவரும். செய்த கையோடு, வீட்டிலிருந்த ஒரே தார்ப்பாயை விரித்து இயந்திரங்களின்மேல் பயபக்தியுடன் போர்த்தினார்கள். ஜெகதாம்பாள் ஒரு கையில் குடையும் மறுகையில் கரண்டியுமாக அடுப்படிக்குப் போனாள்.

வானம் பிளந்து வடகிழக்குப் பருவத்தின் முன்னணிப் படை பேரிகை கொட்டி இறங்க, பகை மறந்த இரு பெருவேந்தரும் உள்ளறையில் தலைவாழை இலைமுன் தோளொடு தோள் அமர்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சோற்றைக் குன்றாகக் குவித்து நடுவே குழி பறித்து அவள் வார்ப்பதற்குக் காத்திருந்தனர்.

சாம்பார் தண்ணியாக இருந்தது.